வில்லனின் மடி

ஜூன் 4, புதன்

கோவில்பட்டியின் சரித்திரத்தை இனி இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும்: நான் திரையில் தோன்றுவதற்கு முன், தோன்றியதற்குப் பின். பின்னது நாளை மறுநாள் காலைக் காட்சியோடு ஆரம்பம். ஆராய்ச்சியாளர்கள் பிற்காலத்தில் திண்டாடக் கூடாதே என்று, மளிகைக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த ஓசி டைரியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். அட்டையில் பெருங்காய விளம்பரம். பரவாயில்லை, மகான்கள் எளிமையாகத்தான் தொடங்குவார்கள்.

பெயர் சங்கரபாண்டியன். ஐம்பதை ஒட்டிய வயது. கட்டை பிரம்மச்சாரி. செண்பகம் வாடகைப் பாத்திரக் கடையின் ஏகபோகச் சக்கரவர்த்தி. என் அண்டாவில் சோறு வேகாமல் இந்த ஊரில் எவனுக்கும் கல்யாணம் ஆனதில்லை, எவனுக்கும் கருமாதியும் நடந்ததில்லை.

போன வருஷம் ஒரு சினிமாக் கம்பெனி பைபாஸ் பக்கம் ஒரு வீட்டைப் பிடித்துப் படம் எடுத்தது. நாற்காலி, பந்தி பெஞ்சு, அண்டா எல்லாம் என் கடையிலிருந்துதான். ஒரு ஜல்லிக்கரண்டி காணாமல் போனதற்காக நான் என் கடை ஆள் மாடசாமியைத் திட்டிக்கொண்டிருந்ததை டைரக்டர் தம்பி பார்த்துவிட்டார். "அண்ணே, இதையே சிரிச்ச மூஞ்சியோட, மெதுவா சொல்லுங்க பாப்போம்" என்றார். சொன்னேன். பக்கத்தில் நின்ற லைட்மேன் இரண்டு எட்டு பின்னால் போய் வயரில் தடுக்கி விழுந்தான். அன்றே நான் வில்லன்.

படத்தின் பெயர் 'பந்திக்கு வந்தவன்'. ஒரு வீட்டில் காதுகுத்து. சீர்த்தட்டோடு ஒருவன் வருகிறான். அம்மா வழி என்று அப்பா வீட்டார் நினைக்கிறார்கள். அப்பா வழி என்று அம்மா வீட்டார் நினைக்கிறார்கள். 'நீங்க யாரு?' என்று விசேஷ வீட்டில் ஒருத்தரைக் கேட்டுவிட்டால் ஏழு தலைமுறைக்குப் பகை அல்லவா, ஆகையால் எவனும் கேட்கவில்லை. வந்தவன் பந்தியில் சாப்பிடுகிறான், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறான், சொந்தக்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகும் போகாமல் இருக்கிறான். அப்புறம் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறான். நகை வேண்டாம், பணம் வேண்டாம். அந்த வீட்டுக்காரி ஊரறியத் தன்னை அண்ணன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்பது.

பாவம், நியாயமான ஆள். நான்தான் அது.

இன்னொரு முக்கிய நிகழ்ச்சி: ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை செண்பகத்தின் மகள் ஆதிரைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி என்னுடையது. மயில் தோடு வாங்கிவிட்டேன், பட்டுப்பாவாடையும் எடுத்தாயிற்று. உலகப் புகழ் பெற்ற மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ளும் முதல் குழந்தை ஆதிரையாகத்தான் இருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

தியேட்டர் கூரை இன்னும் இருக்கிறதா என்று நாளை போய்ப் பார்க்க வேண்டும். அத்தனை கூச்சல்.

முதல் அரைமணி நேரம் எல்லாரும் சிரித்தார்கள். நான் ரசம் கேட்கும் இடத்தில் கைத்தட்டல். பிறகு முதல் கதவைச் சாத்தினேன். ஜனங்கள் கப்சிப். இரண்டாவது கதவைச் சாத்தியதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "ஏட்டி, பின்வாசல் வழியா ஓடுட்டி! சிரிச்சுக்கிட்டே வாரான் பாரு, கட்டையில போறவன்!" என்று கதறினாள். திரையில் இருப்பவளுக்குக் காது கேட்காது என்பது அவளுக்குத் தெரியவில்லை. கட்டையில் போகிறவன் அவளுக்கு மூன்று வரிசை முன்னால் முறுக்கு தின்றுகொண்டிருப்பதும் தெரியவில்லை.

பெரிய காட்சி இடைவேளைக்கு முன்னால். வீட்டுக்காரியைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கதவில் உள்ளங்கையை வைத்து நான் பேசுவேன்: "தாயி, சோறு வச்சிருக்கேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, கதவு தானா தொறக்கும்." டைரக்டர் எழுதிய வசனம் வேறு. வாயில் நுழையவில்லை. "அண்ணே, நீங்களா என்ன வருதோ அத சொல்லுங்க" என்றார். ஒரே டேக். மொத்தப் படத்திலும் ஜனங்கள் மூச்சு விட மறந்த இடம் அதுதான்.

இடைவேளையில் விளக்கு போட்டதும் எழுந்து நின்று தரிசனம் கொடுத்தேன். என் வரிசையில் உட்கார்ந்திருந்த நாலு குடும்பமும் வேறு வரிசைக்குப் போய்விட்டது. பின்னால் செண்பகமும் அவள் புருஷன் திரவியமும் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். காலி. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள், அழுதிருக்கும், போன் வந்திருக்கும்.

படம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியம்மா எதிரே வந்து நிமிர்ந்து பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸ் இருந்த பையால் என் கன்னத்தில் ஒன்று விட்டார். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூன்றடுக்கு. எந்த நாட்டு அரசாங்கமும் இவ்வளவு மனமார ஒரு விருதைக் கொடுத்ததில்லை.

ஜூன் 7, சனி

யூடியூபில் ஒரு விமர்சகப் பையன் சொல்கிறான்: "அந்தக் கதவு சீன்ல அந்த அங்கிள் நடிக்கவே இல்ல ப்ரோ." இதைவிடப் பாராட்டு வேண்டுமா? செண்பகத்துக்கு அனுப்பி வைத்தேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டுகிறது. பதில் இல்லை. ஆனந்தக் கண்ணீரில் எழுத்து தெரிந்திருக்காது.

ஜூன் 10, செவ்வாய்

புகழுக்கு ஒரு விலை உண்டு. என் விஷயத்தில் அது நாற்காலிகளாக வந்து சேர்கிறது. மாடசாமி ஒரு வளைகாப்பு வீட்டுக்குக் கொண்டுபோன நாற்காலிகளை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தான்.

"என்னடா?"

"வேண்டாமாம் மொதலாளி. ஒங்க பேரு நாற்காலிக்குப் பின்னால பெயிண்ட்ல எழுதியிருக்குல்ல, அதப் பாத்துட்டு அந்த அக்கா உக்கார மாட்டேன்னுட்டாக. வயித்துப்பிள்ளைக்காரியாம்."

"நாற்காலி கடிச்சிருமாலே?"

"எனக்கே இப்பம்லாம் ஒங்க கூட குடோனுக்குள்ள வர ஒரு மாதிரியாத்தான் இருக்கு மொதலாளி."

எட்டு வருஷமாக என் உப்பைத் தின்றவன்! இவனைப் பூட்டி வைத்து நான் என்ன செய்யப் போகிறேன், பூட்டுக்குத்தான் செலவு.

தெருப் பிள்ளைகள் கடை வாசலில் வந்து "சரின்னு சொல்லு தாயி" என்று கத்திவிட்டு ஓடுகின்றன. நான் மெதுவாக எழுந்து கல்லாப்பெட்டியை மட்டும் சாத்துவேன். அந்தச் சத்தத்துக்கே தெரு காலி. நகராட்சி என்னை நாய் பிடிக்க அழைக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

மாம்பழப் பையோடு செண்பகத்தின் வீட்டுக்குப் போனேன். திரவியம் வாசல் கேட்டருகே நின்றான். உள்ளே வாருங்கள் என்று வாயில் வரவில்லை.

"வாங்க மச்சான். அவ தூங்கிக்கிட்டிருக்கா."

"பகல்லயா? மேலுக்குச் சொகமில்லையா மாப்ள?"

"அதெல்லாம் இல்ல. அலுப்பு."

அடுப்பில் நெத்திலி பொரியும் வாசம் தெருமுனைக்கு வருகிறது. தூங்கிக்கொண்டே மீன் பொரிக்கிற பெண்ணை நான் இந்தப் பிறவியில் பார்த்ததில்லை. ஜன்னல் திரை அசைந்தது. வளையல் சத்தம் கேட்டது. எட்டு வயதிலிருந்து நான் தூக்கி வளர்த்த தங்கையின் வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா? தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சோறு ஊட்டிய கை இது.

"ஆதிரை?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

மாம்பழத்தை வாங்கிக்கொண்டான். கேட்டின் கொண்டியைத் திரும்பப் போட்டான்.

எனக்கு விளங்கிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதுகிற இந்தப் புழு, என் புகழைப் பொறுக்க முடியாமல் என் தங்கையை வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறான். ஒரு பெண்பிள்ளையை இப்படியா அடைத்து வைப்பது? காட்டுமிராண்டி.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கல்யாண மண்டபத்தில் நடந்ததை மாடசாமி வந்து சொன்னான். படம் வந்ததிலிருந்து ஊரில் எந்த விசேஷமானாலும் வாசலில் இரண்டு பேரை நிறுத்தி, பன்னீர் தெளிக்கிற கையோடு "நீங்க யாரு வழி?" என்று விசாரிக்கிறார்களாம். இதுவரை எவனும் கேட்காத கேள்வி. என்னால் வந்த சமூகப் புரட்சி.

பம்பாயிலிருந்து ஒரு பெரியவர் சீர்த்தட்டோடு இறங்கியிருக்கிறார். "யாரு வழி?" என்றதற்கு, "என்ன தெரியலையாலே ஒனக்கு?" என்று சிரித்திருக்கிறார். சிரித்ததுதான் தப்பு. பெண் வீட்டாரிடம் கேட்டார்கள், எங்கள் ஆள் இல்லை என்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டார்கள், வாலிபப் பிள்ளைகள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுதான், தட்டோடு தூக்கி தேங்காய் மூட்டை அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். மணவறையில் மாப்பிள்ளையின் அப்பா, "எங்கண்ணன் இன்னும் வரலையே, அண்ணன் வராம தாலி எடுத்துக் குடுக்க மாட்டேன்" என்று உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார். நாதஸ்வரத்தில் யாருக்குக் கேட்கும்?

கடைசியில் தேங்காய் எடுக்கப் போன சமையல்காரர்தான் திறந்துவிட்டாராம். பெரியவர் சாப்பிடாமல் ரயிலேறிவிட்டார்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். மாடசாமி சிரிக்கவில்லை. "வெளிய வந்த பெறகு அந்தப் பெரியவரு எந்தக் கதவு பக்கமும் ஒதுங்கல மொதலாளி. பூட்டி வைக்கது லேசுப்பட்ட காரியமில்ல" என்றான். இவனோடு நகைச்சுவையைப் பகிர்ந்துகொள்வது அண்டாவோடு பேசுவது மாதிரி.

ஜூன் 19, வியாழன்

இன்று எழுதும்போது பேனா பேப்பரைக் கிழிக்கிறது.

ஆதிரை காதுகுத்துக்குப் பாத்திரம், நான் ஒரு கடையாகவே மதிக்காத எதிர்க்கடையில் சொல்லியிருக்கிறார்கள்! என் தங்கையின் பெயரையே பலகையில் எழுதிக் கடை வைத்திருப்பவன் நான். என் தங்கை வீட்டு விசேஷத்தில் அடுத்தவன் அண்டா. அதோடு முடிந்ததா? மடியில் வைத்துக்கொள்ளப் போவது எங்கள் சித்தப்பா மகன் கந்தவேலாம். சாத்தூரில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவன். அவனுக்கு மடி இருக்கிறதா என்பதே சந்தேகம், நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி இருப்பான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் திரவியத்தைப் பிடித்தேன். ஊரே பார்த்தது.

"மாப்ள, தாய்மாமன் செத்தா போயிட்டான்?"

"மச்சான், டீயக் குடிங்க. சத்தம் போடாதீக."

"எவன்லே என் உரிமையப் பறிக்கது? நீயா?"

அவன் டீக்கிளாசைப் பெஞ்சில் வைத்தான். பிறகு, "அந்தக் கதவு வசனத்த எழுதுனது யாரு மச்சான்?" என்றான்.

"எழுதவே இல்ல. நானா பேசுனது. பிறவிக் கலைஞனுக்கு எழுதிக் கொடுக்கணுமா?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றான். "அவ அந்த இடத்துலயே எந்திரிச்சுட்டா. வெளிய வந்து வாந்தி. வீட்டுக்கு வந்ததும் சாமான் ரூம் கதவக் கழட்டிச் சுவத்துல சாத்தி வைக்கச் சொல்லிட்டா. இப்பம் அந்த ரூமுக்குக் கதவே இல்ல."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் போனைத் தூக்கிப் படமெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தன், "அண்ணாச்சி, ஒரு தடவ அந்த 'சரின்னு சொல்லு தாயி' சொல்லுங்க" என்றான். அவன் கையிலிருந்த பஜ்ஜியைப் பிடுங்கி ரோட்டில் எறிந்துவிட்டு வந்தேன்.

திரவியம் எதைச் சொல்லவருகிறான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்ப விஷயம். நான் பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாம், இந்தக் கணக்குப்பிள்ளைதான் வேண்டும் என்று அவள் நின்றாள். அவள் நன்மைக்காகக் கொஞ்ச நாள் அறைக்குள் இருக்க வைத்தேன். பாத்திரம் அடுக்குகிற அறை, காற்றோட்டம் உண்டு. மூன்று வேளையும் நானே சமைத்து வைத்தேன், ஒரு நாள்கூட உப்பு கூடியதில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பெயர்த்துக்கொண்டு போய்த் தாலி கட்டிக்கொண்டாள். அப்புறம் அவள் வளைகாப்புக்கு நான் சீர்த்தட்டோடு போய் நின்றேன், அவளும் வாங்கிக்கொண்டாள், விஷயம் முடிந்தது. முடிந்துபோனதை இழுக்கிறவன் ஆம்பிளையா?

ஜூன் 20, வெள்ளி

கரண்டிகளை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். எண்ணி வைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

செண்பகம் வந்தாள். பட்டப்பகலில், தனியாக, கடைக்கே.

கடைக்குள் வரவில்லை. வாசலில் வெயிலில் நின்றாள். மாடசாமி நாற்காலி கொண்டுவந்து தெருவில் போட்டான். அதிலும் உட்காரவில்லை.

"உள்ள வா தாயி" என்றேன்.

"அப்படிக் கூப்பிடாதீகண்ணே."

"எப்படி?"

"தாயின்னு."

நான் சும்மா இருப்பேனா? திரவியத்தின் சதியைப் புட்டுப் புட்டு வைத்தேன். கந்தவேலின் மடி பற்றிய என் ஆராய்ச்சி முடிவுகளையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவரு ஒண்ணும் சொல்லல. 'ஒங்கண்ணன்தான, விடு'ன்னுதான் சொன்னாரு. மடி வேண்டாம்னது நான்."

"நீயா? எதுக்கு? ஊரு பயப்படுதுன்னா? அது நடிப்பு செண்பகம். தியேட்டரே நடுங்குச்சுல்ல, அது என் திறமை."

"ஊருதான் பயந்துச்சு. எனக்குப் பயம் வரல."

"பெறகு?"

"நீங்க கதவுல கைய வச்சீக. அடுத்து என்ன சொல்லப் போறீகன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கு முந்தி நான் சொல்லிட்டேன், சத்தமா. பக்கத்து சீட்டுல இருந்த பொண்ணு திரும்பிப் பாத்து, 'ஏற்கெனவே பாத்துட்டீகளாக்கா?'ன்னு கேட்டுச்சு."

மாடசாமி குடோனுக்குள் போய்விட்டான். லாரி ஒன்று போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஆமா, பாத்துட்டேன்னு சொன்னேன்" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நகைச்சுவையாக ஒன்று. மறந்துவிட்டது.

"வளைகாப்புக்கு நீங்க வந்து நின்னப்ப, திரும்பிப் போங்கன்னு சொல்ல முடியல. ஊரு கூடியிருந்துச்சு, தட்ட வாங்கிக்கிட்டேன். நீங்க அதோட சரியாப்போச்சுன்னு நெனச்சுட்டீக. ஒரு நாளாவது, ஏன் அப்படிச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை பேசியிருக்கீகளா? என் பிள்ளைய ஒங்க மடியில வச்சுக் கையப் பிடிச்சுக்கிடுவீக. அது திமிறும். எனக்கு நெனச்சுப் பாக்க முடியல. நானா கூப்பிடுத வரைக்கும் எங்க வீட்டுப் படி ஏறாதீகண்ணே."

போய்விட்டாள். வெயிலில் அந்த நாற்காலி மட்டும் கிடந்தது.

இன்று வியாபாரம் மந்தம்.

ஜூன் 28, சனி

செண்பகத்துக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

செய்வினை எல்லாம் இல்லை.

ஜூலை 2, புதன்

டைரக்டர் தம்பி சென்னையிலிருந்து பேசினார். படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறதாம், இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம்.

"அண்ணே, அந்தக் கதவு வசனம்தாண்ணே படமே! அதே மாதிரி நாலஞ்சு யோசிச்சு வைங்க. எங்கருந்துண்ணே பிடிச்சீங்க அத?"

மூளையில் உதித்தது என்று ஆயிரம் பேரிடம் பீற்றியிருக்கிறேன். இன்று என்ன கேடோ, "முந்தியே ஒரு தடவ பேசுனதுதான் தம்பி" என்று வாயில் வந்துவிட்டது. "வேற வசனம் எங்கிட்ட இல்ல. ஆளவிடுங்க" என்று வைத்துவிட்டேன். சினிமா உலகம் இன்னும் நூறு வருஷத்துக்கு இந்த நஷ்டத்திலிருந்து மீளாது.

ஜூலை 6, ஞாயிறு

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். வேட்டியை மடித்து வைத்தேன், பிரித்தேன், மடித்தேன். கடைசியில் சீர்த்தட்டில் தோட்டையும் பாவாடையையும் பழத்தையும் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரலாம், தட்டு என்ன பாவம் செய்தது?

வாசல் பந்தலில் திரவியத்தின் அண்ணன் மகன்கள் இரண்டு பேர் பன்னீர்ச் செம்போடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தன் வழிமறித்தான். பல்லைக் காட்டிக்கொண்டு, "நீங்க யாரு வழி?" என்றான். மற்றவன் போனைத் தூக்கினான். வந்திருந்த சொந்தபந்தம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

தாய்மாமன் என்று சொல்ல ஒரு வினாடி ஆகாது. சொல்லவில்லை. வந்த வழியே திரும்பிப் பின் சந்துக்குப் போனேன்.

விசேஷ வீட்டின் பின்வாசலை எவனும் காவல் காப்பதில்லை. சமையல் நடக்கும், கதவு விரியத் திறந்து கிடக்கும். படத்திலும் அப்படித்தான். தெரிந்த சமையல்காரர். "வாங்க அண்ணாச்சி, உள்ள போங்க, யாரு தடுக்கப் போறா?" என்றார். நடுக்கூடம் வரை தெரிகிறது. வலது பக்கம், கதவில்லாத ஓர் அறை. ஒரே ஒரு படிதான் ஏற வேண்டும்.

எதிர்க்கடைக்காரனின் அண்டா ஒன்று காலியாகக் கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஈயம் பூசாத மட்டமான அண்டா. அடியில் ஒரு நசுங்கல் வேறு. வாடகைக்கு விடுகிற லட்சணம்!

உள்ளே ஆதிரை கத்தினாள். ஒரு காது முடிந்தது. அடுத்த சத்தம் வரும் என்று பார்த்தால் வரவில்லை, ரகளை வந்தது. "பிடிலே, கையப் பிடி!" "காலப் பிடி!" "ஏ கந்தவேலு, இறுக்கிப் பிடி!" கந்தவேல் "அய்யோ, கடிச்சுட்டா!" என்று அலறினான். எழுந்து நின்றேன். படியைப் பார்த்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன்.

செண்பகம் தண்ணீர் பிடிக்கப் பின்வாசல் குழாய்க்கு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் செம்போடு நின்றுவிட்டாள். திறந்த கதவைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள்.

"எப்பம் வந்தீக?"

"அப்பவே."

"உள்ள வரலையா?"

"நீ கூப்பிடலையே" என்றேன்.

குழாயைத் திறந்து செம்பைப் பிடித்தாள், தண்ணீர் நிறைந்து வழிந்தது. பிறகு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வந்தவள் இடுப்பில் ஆதிரை, கையில் அதே செம்பு, பின்னால் ஆசாரி, அதற்குப் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டு பாதிச் சொந்தம். "ஒரு காது உள்ள, ஒரு காது வெளியவா? எந்த ஊருலம்மா இப்படி ஒரு வழக்கம்?" என்று ஒரு கிழவர் குதித்தார். திரவியம், "எங்க வீட்டு வழக்கம் சித்தப்பா. வழியில நிக்காதீக" என்றான். இந்தப் பயல் நல்ல பேர் வாங்குவதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது? அவனை நான் இன்னமும் மன்னிக்கவில்லை.

செண்பகம் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். "கையப் பிடிக்கக் கூடாது" என்றாள் என்னைப் பார்த்து.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீயா உக்காந்தா உக்காரு, இல்லன்னா போ" என்றேன் ஆதிரையிடம்.

வீங்கிய முகத்தோடு ரொம்ப நேரம் என்னை அளந்து பார்த்தாள். பிறகு அண்டாவைப் பிடித்து ஏறி, கோழி குந்துவதுபோல என் மடியில் குந்தினாள். ஆசாரி வலது காதில் மையால் புள்ளி வைத்தார்.

"மாமா, படத்துல கதவப் பூட்டுனது நீயா? ஸ்கூல் வேன்ல எல்லாரும் சொன்னாக."

"ஆமா."

"எதுக்குப் பூட்டுன?"

என்னவென்று சொல்வது? படத்தில் காரணம் இருக்கிறது, ஒரு பக்க வசனமே இருக்கிறது. மொத்தக் கூட்டமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. செண்பகம் செம்பைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"பூட்டியிருக்கக் கூடாது பாப்பா" என்றேன். "உள்ள இருக்கவுகளுக்கு எப்படி இருக்கும்னு மாமன் நெனைக்கவே இல்ல. தப்பு."

அந்தச் சமயம் பார்த்து ஆசாரி குத்திவிட்டார். ஆதிரை போட்ட சத்தத்தில் இலங்கையில் தேங்காய் உதிர்ந்திருக்கும். என் வேட்டியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நான் கையைப் பின்னாலேயே கட்டிக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் மரத்துப்போனது.

படத்தைப் பற்றிக் கேட்டாள், படத்தைப் பற்றிச் சொன்னேன். வேறு எதைப் பற்றிச் சொன்னேன் என்று எவனாவது நினைத்தால் அது அவன் பாடு.

இடது காதில் கந்தவேலின் பூத்தோடு, வலது காதில் என் மயில். போட்டோக்காரன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ஊர் பெரிசுகள் உச்சுக் கொட்டின. செண்பகம் குனிந்து, பிள்ளையின் காதோரம் வடிந்ததைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். என் முழங்காலில் பட்டிருந்ததையும் அதே தலைப்பால் துடைத்தாள்.

"ரெண்டும் வேற வேறயா இருக்கு" என்றேன். "அசிங்கமா இருக்குதுன்னா என்னுத வேணும்னா கழட்டிரச் சொல்லு."

"இப்பம் எதையும் தொடக் கூடாதுண்ணே" என்றாள். "மொதல்ல புண்ணு ஆறட்டும்."